நரம்பில் கல்

மகள் பிறந்த பிறகு என் இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. திருவையாற்றுப் பக்கம் எங்கள் குத்தகை வயலில் நடவு நடக்கும்போது, பெண்கள் எல்லோரும் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொள்வார்கள். நான் மட்டும் கணுக்கால்வரை இறக்கிவிட்டுச் சேற்றில் இழுத்துக்கொண்டே நடுவேன். "மகாராணி கால யாரும் பாத்துறக் கூடாதாம்" என்று கேலி செய்வார்கள். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைக்கட்டும், என் கால் அசிங்கம் தெரியாதவரை சரி என்றிருந்தேன். அந்தப் புடவையைத் துவைப்பதற்குள்தான் பாதி உயிர் போய்விடும்.

போன வருஷம் கணுக்காலுக்கு மேலே மிளகு மிளகாக ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. புற்றுநோயோ என்று பயந்து தஞ்சாவூருக்கு ஓடினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "நரம்புல ரத்தம் தேங்கி உறைஞ்சு, சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிருக்கும்மா. கல்லால ஆபத்தில்ல. ஆரம்பத்துலயே காட்டியிருந்தா நரம்பு இவ்ளோ முத்தியிருக்காது" என்றார். பிழைத்தேன் என்ற நிம்மதியைவிட, காலைத் திறந்து காட்டிய கூச்சம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தாலி கட்டுமுன் பெற்றோருக்குப் பாத பூஜை செய்வது எங்கள் வழக்கம். தாம்பாளத்தில் வைத்த காலைப் பிள்ளை கழுவி, மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். வீடியோக்காரர் கேமராவைக் காலுக்கே கொண்டுவந்துவிடுவார். அம்மாவுக்கு இருப்பது பெண்ணுக்கும் வருமே என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால்? அவள் வாழப்போகும் வீட்டில் என் காலால் ஒரு சொல் வரக் கூடாது.

"எனக்கு வேணாம்டி, அப்பாவுக்கு மட்டும் செஞ்சிடு" என்றேன்.

"உன் காலக் கழுவாம நான் எப்படிம்மா தாலி கட்டிக்குவேன்?" என்று அழுதுவிட்டாள்.

மணமேடையில் கண்ணை மூடிக்கொண்டு தாம்பாளத்தில் காலை வைத்தேன். மஞ்சள் தடவிக்கொண்டே வந்த அவள் விரல்கள் அந்தக் கற்களின் மேல் நின்றுவிட்டன. செத்துவிடலாம் போலிருந்தது. அவள் நிமிரவில்லை. என் புடவைக் கரையைக் கீழே இழுத்துவிட்டு, குங்குமம் வைக்கிற சாக்கில் இன்னும் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கும் நரம்பு சுருண்டுருச்சும்மா. கடையில நின்னு நின்னு, ரெண்டு கால்லயும். உனக்கு அசிங்கமா இருக்கும்னுதான் சொல்லல."