வராத புத்தகத்தின் ஆட்டம்

ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, மேசையைச் சுற்றிக் கதையாகவே ஆடும் விளையாட்டை நாகர்கோவிலில் எனக்குப் பழக்கியவன் அறைத்தோழன் ஜெபின். அந்த ஆட்டத்துக்கென்றே வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று புதுக் கதைப் புத்தகம் வெளியிடும்போதெல்லாம் ஆடுவோம். அவன் சிறுநீரகம் கெட்டுப் படுத்த சமயத்தில், இனிப் புத்தகம் வராது என்று பதிப்பகம் அறிவித்துவிட்டது. அவனோ அடுத்ததற்காகவே காத்துக் கிடந்தான். எட்டாவதோடு படிப்பை விட்ட நான், புதுசு வந்துவிட்டதாகப் பொய் சொல்லி, நானே கதை கட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஆட்டம் நடத்தினேன்.

ஒரு நாள் சிரித்தான். "ஏலே மக்கா, வெள்ளைக்காரன் எழுதுன கதையில மந்திரவாதி எதுக்குலே இரணியல் ஸ்டேஷன்ல கெடந்து ஒறங்குகான்?"

ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் நான் படுத்துக் கிடந்த ரயில் நிலையம் அது. தலைகுனிந்தேன்.

"செரி, அடுத்த புக்கு எப்பம் வரும்?"

"வெள்ளிக்கிழமை வந்திரும்லே."

வியாழக்கிழமை போய்விட்டான்.

இப்போதும் எந்த ஊரில் படுத்தாலும் அந்தக் கதையை மனசுக்குள் ஆடிப் பார்க்கிறேன். அவன் முறை வரும்போது நின்றுவிடுகிறது.