அத்தானுக்காக மிதித்த பிரேக்

விபத்து என்ற சொல்லைக் கேட்டாலே பிரேக்கம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "மழை பெய்யிற மாதிரி தானா நடந்ததா அது? ஒரு ஆள் செஞ்சது. செஞ்சவன் தப்பிச்சுக்கிறதுக்கு ஒரு சொல்லு!" என்பாள். 'அவருக்கு நேரம் சரியில்லை' என்று யாராவது ஆறுதலாக இழுத்தால் போச்சு. "எத்தனை கிலோமீட்டர் வேகத்துல போனார்னு முதல்ல சொல்லுங்க. நேரத்தை அப்புறம் பாக்கலாம்."

பதினேழு வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் இவள். இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு; பிரேக்கம்மா என்ற பெயர் அதனால் வந்ததுதான். அந்தப் பிரேக்கும் இவள் வாயும் சேர்ந்து ஊரில் பாதிப் பேரைக் காப்பாற்றியிருப்பதாகப் பள்ளி முதலாளியே சொல்வார். வங்கி அதிகாரியாக இருந்தாலும் சரி, மருத்துவராக இருந்தாலும் சரி, வண்டிக்குள் வந்துவிட்டால் அர்ச்சனை ஒன்றுதான். "கண்ணாடி எதுக்கு சார் வச்சிருக்கு, தலை வாரிக்கவா?" "ஹாரன் அடிச்சா சுவரு நகந்து வழி விடுமா?" திட்டு வாங்கியவர்கள்தான் தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே அனுப்பினார்கள்.

அவள் திட்டாத ஒரே மாணவர் அக்கா புருஷன்.

அத்தான் தையல்காரர். அப்பா இல்லாத வீட்டில் இவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை சீருடை தைத்துக் கொடுத்தவர். அவர் முன்னால் இவள் குரல் உயர்ந்ததே கிடையாது. ஆயத்த ஆடைக் கடைகள் பெருகித் தையல் கடையை மூட வேண்டி வந்தபோது, பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் வேன் ஓட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டார். ஒன்றாம் தேதி சேர வேண்டும். பதினான்கு குழந்தைகள். ஐம்பத்திரண்டு வயதில் வண்டி பழக வந்து உட்கார்ந்தார்.

முதல் நாளே நாற்சந்தியில் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனார். வேறு யாராவது என்றால் காது கிழிந்திருக்கும். இவள் சத்தமில்லாமல் தன் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. அத்தான் பூரித்துப்போனார்.

"பாத்தியாம்மா, எப்படி வழுக்கிட்டு வந்து நிக்குதுன்னு! எனக்குக் கைராசி."

"ம்" என்றாள் இவள். அந்த 'ம்'தான் அவள் செய்த தப்பு. அடுத்த நாளும் 'ம்'. அதற்கடுத்த நாளும். மரியாதை வாயைக் கட்டிப்போட, கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

இருபதாவது வகுப்பில், நடப்பவர்கள் கடக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், இவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கால் எழவில்லை. வண்டி கோட்டைத் தாண்டிப் போனது. காய்கறிப் பையோடு நடந்த பெரியவர் ஒருவர் பின்னால் துள்ளினார். தக்காளி சாலையெங்கும் உருண்டது. இவள் கைப்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினாள்.

பெரியவர் பானட்டில் ஓங்கித் தட்டினார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அத்தான் இவள் பக்கம் திரும்பி, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "ஏம்மா, வண்டி இன்னைக்கு நிக்கலையே?"

இவள் குனிந்து பார்த்தாள். அவருடைய வலது கால் பிரேக் பக்கம் போகவே இல்லை. தரையில், செருப்போடு, நிம்மதியாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நிற்பது என்பது வண்டி தானாகச் செய்கிற காரியம் என்று மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார்! நம்பவைத்தது யார்? இருபது வகுப்பு உட்கார்ந்து நம்பவைத்தது இவள்தான். தன் மேலேயே அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

மறுநாள் பயிற்சிப் பள்ளியின் பின்பக்க மைதானத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினாள். இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "பெட்டிக்கு முன்னாடி நிறுத்துங்க அத்தான்." மூன்று முறை. மூன்று முறையும் பெட்டிகள் பறந்தன.

"பிரேக் தேஞ்சிருக்கும்மா. மெக்கானிக்கைக் கூப்பிடு."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. இத்தனை நாளும் அதை மிதிச்சது நான்."

அவர் முகம் சுண்டிப்போனது. இவள் விடவில்லை. "நாப்பதுல போனா, ஒரு வினாடிக்கு வண்டி பதினோரு மீட்டர் ஓடும். பதினோரு மீட்டர் துணியில எத்தனை சட்டை தைப்பீங்க?"

"அஞ்சு" என்றார், தன்னை மறந்து. பிறகு, "அரைக்கைன்னா ஆறு."

"நீங்க யோசிக்கிறதுக்குள்ள ஆறு சட்டைத் துணி போயிடும். குறுக்க ஒரு பிள்ளை வந்தா?"

அவர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

முப்பது மணி நேரம் பயிற்சி முடித்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போட இவள் மறுத்தாள். முதலாளி சிரித்துக்கொண்டே தன் கையெழுத்தைப் போட்டார். "பரீட்சையில எட்டுப் போடச் சொல்வான், பின்னால எடுத்து நிறுத்தச் சொல்வான். ரெண்டாவது கியரைத் தாண்டாது. இதுக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?" அவர் சொன்னது பொய்யில்லை. அந்த எட்டுக்கு, கண்ணாடியில் எந்தக் கோடு தெரிந்ததும் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மைதானத்தில் சுண்ணாம்பால் குறியே போட்டு வைத்திருந்தார்கள். குறியை மனப்பாடம் செய்தவனுக்கு உரிமம். சாலையில் யார் சுண்ணாம்புக் குறி போட்டு வைப்பது?

அத்தான் முதல் தடவையிலேயே தேறினார்.

அன்று மாலை அக்கா வீட்டுக் கூடத்தில் உரிமம் கைமாறிக்கொண்டிருந்தது. புகைப்படத்தில் அவர் அழகாக இருக்கிறார் என்று மகள் சொன்னாள். அக்கா தங்கையைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள்.

"வந்துட்டியா? சர்க்காரே கொடுத்தாச்சு, உனக்கு மட்டும் என்னடி கொம்பா முளைச்சிருக்கு?"

"இன்னும் மூணு வாரம் அவர் என்கிட்ட வரட்டும் அக்கா. அதுக்கப்புறம் வேன் ஓட்டட்டும்."

"ஒண்ணாம் தேதி நாளன்னைக்கு. உன் வகுப்பு முடியிற வரைக்கும் வேலை காத்துக்கிட்டு இருக்குமா? உங்க அத்தான் உனக்கு என்ன குறை வச்சார்?"

"குறை வைக்கலை. அதனாலதான் இந்த நிலைமை. வேத்து ஆளா இருந்தா முதல் நாளே திட்டித் திருத்தியிருப்பேன்."

"போதும்டி உன் வியாக்கியானம். தலையில எழுதினது நடக்கும்."

"பதினாலு பிள்ளைங்க தலையில யாரு அக்கா எழுதினது? உங்க வீட்டுக்காரர் காலா?"

மகள் குறுக்கே புகுந்தாள். "சித்தி, விடுங்க. அம்மா, அதே பள்ளிக்கூடம்தானே, நாளன்னைக்கு நம்ம குட்டியும் தாத்தா வேன்லயே போகட்டுமா?"

அக்கா யோசிக்கவேயில்லை. "வேணாம் வேணாம். அவ என்கூட நடந்தே வருவா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மூலையில் நாற்காலியில் இருந்த அத்தான் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தான் வாசல்வரை வந்தார். "காலையில எத்தனை மணிக்கு வகுப்பு?"

"ஆறரை. ஆனா திட்டுவேன் அத்தான்."

"திட்டு."

திட்டினாள். பதினேழு வருஷத்தில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. "காலு எங்க? காலைத் தேடுங்க! என்னைப் பாக்காதீங்க, நானா குறுக்க வரப்போறேன்?" அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு முறை கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. இரண்டாம் வாரத்தில் தெருநாய் ஒன்று குறுக்கே பாய்ந்தபோது அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. இவள் கால் சும்மா இருந்தது.

ஆனால் மழலையர் பள்ளி காத்திருக்கவில்லை. மூன்று வாரம் தவணை கேட்க அத்தான் போன அன்றே, "உரிமம் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார். மறுநாளே வேறொருவரை வேலைக்கு எடுத்துவிட்டார். அந்த ஆள் எங்கே கற்றார், எந்தச் சுண்ணாம்புக் குறியைப் பார்த்துத் தேறினார், அவருக்காக யார் கால் மிதித்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தான் இப்போது ஒரு கிடங்குக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மெதுவாகப் போகிறார் என்று மேலாளர் முனகுகிறார்.

பிரேக்கம்மா ஒரு நாள் காலை மழலையர் பள்ளித் தெரு முனையில் போய் நின்றாள். வேன் வந்தது. திருப்பத்தில் பின்விளக்கு சிவக்கிறதா என்று பார்த்தாள். சிவந்தது, திருப்பம் பாதி முடிந்த பிறகு. ஜன்னலில் வரிசையாகக் குட்டித் தலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறையை நோக்கி நடந்தாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். "கூட்டம் நடக்குது, அப்புறமா வாங்க" என்றது உள்ளே குரல். மறுபடியும் தட்டினாள், இன்னும் பலமாக.