இரண்டு விசில்

பேருந்துப் பணிமனையிலிருந்து எனக்குப் போன் வந்து பல வருடமாகிறது. சங்கப் பொறுப்பை விட்ட பிறகு அங்கே யாருக்கும் என் நினைப்பு வந்ததில்லை. போன மாதம் ஒரு காலையில் டூட்டி கிளார்க் கூப்பிட்டார்.

"தோழரே, நம்ம விசிலக்கா ஏரிக்கரையில நிக்கிறாங்களாம். வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டாராம்."

"என்னய்யா உளர்றே?"

"அவங்களே பேசினாங்க. செல்போன் கார்லயே போயிடுச்சாம். மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் டிப்போ நம்பர்தானாம்."

முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தவர் விட்டுவிட்டுப் போவாரா? அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார், வண்டி ஓட்டும்போது எப்போதும் அணைத்துவிடுவார். அவர்கள் மகளைக் கூப்பிட்டேன்.

"மாமா, இப்பதான் அப்பா கார் வந்து நிக்குது. அப்புறம் பேசட்டுமா?"

"அம்மா எங்கே?"

"பின்னாடி தூங்குறாங்களாம், அப்பா சொல்றார்."

"பின் கதவைத் திற."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அப்பா... பிளாஸ்க்குதான் இருக்கு" என்றாள் மகள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பணிமனையில் 'நேர்ரோடு' என்று பட்டப்பெயர். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினார், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் நடப்பது கண்டக்டர் பாடு. ஒரு விசில் கேட்டால் நிறுத்துவார். இரண்டு விசில் கேட்டால் எடுப்பார். அந்த விசில் அவர் மனைவியுடையது, அவள்தான் அந்த விசிலக்கா, அதே பணிமனைக் கண்டக்டர். கல்யாணமானதும் நிர்வாகம் இருவரையும் வேறு வேறு வண்டிக்குப் பிரித்துப் போட்டது. நான் நோட்டீஸ் அடித்தேன். மேனேஜர் அறை வாசலில் ஆறு நாள் உட்கார்ந்தோம். ஒரே வண்டியில் டூட்டி வாங்கிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் அவள் விசிலடிக்க, இவர் எடுத்தார். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். குளிர்காலம் வந்தால் இருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. முதலில் மகன் வீடு, பிறகு ஒரு மலை, வெளிநாட்டு வாத்துகள் வந்திறங்கும் ஏரி, கடைசியில் மகள் வீடு. அவர் முன்னால். அவள் பின்னால் இடப்பக்கக் கதவோரம். பஸ்ஸில் உட்கார்ந்த அதே இடம். காரிலும் அவள் இரண்டு விசில் அடித்தால்தான் எடுப்பார்.

மறுநாள் காலை நான் மகள் வீட்டில் இருந்தேன். அவள்தான் காரை எடுத்துப் போய் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அப்பாவை ஓட்ட விடவில்லை. அவரும் கேட்கவில்லையாம். கார் சாவி அவள் கைக்குள் இருந்தது.

"மாமா, அப்பாவுக்கு சப்போர்ட் பண்ண வந்திருந்தீங்கன்னா, டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

"முதல்ல டீ வரட்டும்."

"கூட வந்த ஆள் இல்லைங்கறது நாப்பது நிமிஷம் தெரியலைன்னா, அது வியாதி இல்லாம வேற என்ன? இனிமே சாவி என்கிட்டதான். குளிர்காலத்துல ரெண்டு பேரும் கம்பளியைப் போத்திக்கிட்டு வீட்ல இருக்கட்டும்."

அவர் சோபா நுனியில், கூண்டில் ஏறிய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை அவருக்காக நிர்வாக விசாரணையில் வாதாடியிருக்கிறேன். இப்படி முகம் வெளுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்னய்யா நடந்துச்சு?"

"கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சு தோழரே. அப்புறம் விசில் ரெண்டு. எடுத்துட்டேன்."

"அடிச்சது யாருன்னு பார்த்தீங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்னைக்கு நான் அதைப் பார்த்திருக்கேன்?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள். "பிளாஸ்க்கை உள்ளே வச்சு கதவைச் சாத்திட்டு, பெஞ்சுல விட்ட பைனாகுலரை எடுக்கப் போனேன் அண்ணே. எவனோ வேலி தாண்டி வாத்துகிட்ட போறான். காவலாளி ரெண்டு விசில் அடிச்சாரு. ஐயோ, இந்த மனுஷன் எடுத்துடுவாரேன்னு! ஹோல்டான் ஹோல்டான்னு கத்திக்கிட்டே ஓடறேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க ஓட? குளிருக்கு இவரு கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருக்காரு. இண்டிகேட்டர் போட்டு, அழகா ஒடிச்சுத் திருப்பி, போறாரு! பொண்டாட்டியை விட்டுட்டுப் போறவருக்கு இண்டிகேட்டர் ஒண்ணுதான் குறைச்சல்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முறைத்தாள், அடக்கிக்கொண்டேன். காவலாளியின் போனுக்கு ஏரிக்கரையில் சிக்னல் இல்லை. கேட் வரைக்கும் இந்த முட்டியோடு நடந்து போய்த்தான் பேசினாளாம்.

"இது தொழில் பழக்கம்மா, வியாதி இல்ல" என்றேன் மகளிடம்.

"நாப்பது நிமிஷம், மாமா."

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சும்மா ஓட்டலை. பேசிக்கிட்டுத்தான் வந்தேன். உனக்கு முட்டி வலிக்குது, அடுத்த வருஷத்துலேர்ந்து இந்த ஊர் சுத்தறதை விட்டுடலாமான்னு கேட்டேன். நீ மறுத்துப் பேசலை. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

அக்கா கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது.

"என்கிட்ட கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

"அண்ணே! கார்லயே இல்லாத ஆள்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வந்திருக்காரு! நம்ம நிர்வாகம்கூட இந்த வேலை பண்ணினதில்லையே!" அவள் நேராக மகளிடம் போய்க் கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

"அம்மா, உன்னை நடுவழியில விட்டுட்டு வந்தவர்மா அவர்!"

"விட்டாரு. அதுக்கு நான் அவர்கிட்ட கணக்குத் தீர்த்துக்கறேன். எனக்காகன்னு அவர் ஒரு முடிவு, நீ ஒரு முடிவு. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா? முட்டி என்னுது. அவரை டாக்டர்கிட்ட காட்டணுமா, நாளைக்கே காட்டுவோம். அவரே ஓட்டிட்டு வரட்டும். ஆனா இனிமே நான் முன் சீட்டு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன். சாவி கை மாறியது.

மறுநாள் டாக்டர் அவரிடம் அரைமணி நேரம் ஏதேதோ கேட்டுச் சோதித்தார். மறதி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அக்கா மகள் வீட்டு பிரிட்ஜின் மேல் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

வழியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. நான் பின் சீட்டில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன். அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் நகரவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"எடுங்க" என்றாள்.

அவர் கை கியருக்குப் போய்த் திரும்பி வந்தது. நெற்றியில் வியர்வை, அந்தக் குளிரில். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு டாஷ்போர்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். கார் கிளம்பியது.

தெரு முனை தாண்டுவதற்குள் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பாலத்தில் பார்த்தார். பெட்ரோல் பங்க் வாசலில் மறுபடி. முப்பத்தோரு வருடம் திரும்பாத கழுத்து அது. எதிரே ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுப் போனது.

"நான் இங்கதான் இருக்கேன் டிரைவரே" என்றாள். "ரோட்டைப் பாருங்க."