தால்வினா வீட்டுக் குளத்தில் தெருத் தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பெயர் ஓஸ்னி. ஆற்றங்கரை ஊரான எங்கள் இதஜாயியின் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கழித்துப்போடும் கண்டெய்னர்களை வாங்கி, வெட்டி, வீட்டுக் கொல்லைகளில் நீச்சல் குளமாக இறக்குகிறேன். இந்த ஊரில் இதை முதலில் செய்தவன் நான்தான். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இங்கே எழுத வந்தது, பதினெட்டு வருஷமாக எனக்கு வெல்டிங் வைக்கும் நேசியோவைப் பற்றி.

அறுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலும் எப்போதும் வீங்கியிருக்கும். முகமூடியைக் கழற்றினால் கண்ணில் நீர் வடியும். காலையில் வந்ததும் "செத்துட்டேன்பா" என்பான். சாயங்காலம் கிளம்பும்போதும் அதே சொல்தான். கூரையை வெட்டிய கண்டெய்னரில் தண்ணீர் நிறைத்தால் பக்கத் தகடு கர்ப்பிணி வயிறு போலப் புடைக்கும். அதனால் விளிம்பைச் சுற்றி அவன் இரும்புச் சட்டம் வைப்பான். அவன் வைத்த இடத்தில் ஒரு சொட்டுக் கசிந்ததில்லை.

மத்தி மீன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தால்வினாவுக்குக் குளத்தை மண்ணுக்குள் புதைத்தோம், வீட்டின் பின்சுவரை ஒட்டி.

"அடியில கான்கிரீட் போட்டுப் பிடிச்சுக் கட்டணும், ஓஸ்னி. காலியா இருக்கறப்ப நிலத்தடித் தண்ணி ஏறினா மிதந்துரும்" என்றான் நேசியோ.

"ரெண்டு டன் இரும்புடா! மிதக்கறதுக்கு இதென்ன கப்பலா?"

"கப்பல்ல வந்ததுதானே" என்றான். நான் சிரித்தேன். கான்கிரீட் போடவில்லை.

செப்டம்பரில் மழை விடாமல் பிடித்தது. ஆறு ஏறுகிறது என்று வானொலி சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஃப்ரிட்ஜை மேசைமேல் ஏற்றுவது, கண்ணில் படும் தண்ணீரையெல்லாம் வெளியே இறைப்பது. தால்வினாவும், குளம் வழிந்து வீட்டுக்குள் வந்துவிடும் என்று அதைக் காலி செய்துவிட்டாள். அதைப் பெருமையாகப் போனில் வேறு சொன்னாள். நான் நேசியோவிடம் சொன்னதும் அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பெட்டி எழும்பினா பின்சுவரையும் சேத்துத் தூக்கிரும். பம்பை வண்டியில ஏத்து."

"உன் வீட்டுக்கும்தான் தண்ணி வருது."

"என் பொண்டாட்டி இருக்கா. என்னைவிட அவளுக்குத்தான் தெம்பு."

போய்ச் சேர்ந்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். குளத்தின் ஒரு முனை ஒரு சாண் எழும்பியிருந்தது. சுவரில் புதிதாக ஒரு விரிசல். நேசியோ குழாயின் ஒரு முனையைத் தெருத் தண்ணீரிலும் மறுமுனையைக் குளத்திலும் போட்டுப் பம்பை ஓட்டினான்.

"அடப்பாவி! ஊரே வெளிய இறைக்குது, நீ உள்ள இறைக்கிறியே! சாக்கடைடா அது!" என்று கத்தினாள் தால்வினா.

"எனக்கும் மூக்கு இருக்குக்கா."

"யோவ் ஓஸ்னி, உன் ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, கூட்டிட்டுப் போயிரு!"

"அவன் சொல்றதைக் கேளுக்கா" என்றேன். என் வாழ்நாளில் வேறு யாருக்காகவும் நான் அப்படிச் சொன்னதில்லை.

சேறும் சருகும் குழாய் வாயை அடைத்துக்கொண்டே இருந்தன. அந்த முழங்கால்களைத் தண்ணீரில் ஊன்றி, மூன்று மணி நேரம் கையால் வழித்துக்கொண்டே இருந்தான் நேசியோ. நான் கை மாற்றிக்கொள்ள வந்தபோது, "உனக்குப் பழக்கமில்ல, விரல் போயிரும்" என்று தள்ளிவிட்டான். கடைசியில் உள்ளே நிறைந்த தண்ணீரின் பாரத்தில் பெட்டி ஒருமுறை முனகி, மெல்ல இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. விரிசல் அதற்குமேல் நீளவில்லை.

தால்வினா திட்டிக்கொண்டே காப்பி கொண்டுவந்தாள். பாதி குடித்தவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். எழுந்து வீட்டுக்குப் போனபோது அங்கே இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் மட்டும் மேசைமேல் இருந்ததாம்.

ஆறு வடிந்த அடுத்த வாரம் தால்வினா வீட்டுக்குப் போனோம். குளத்தில் தவளைகள்.

"நாலு பக்கமும் தோண்டி கான்கிரீட் போடணும்" என்றான். "செத்துட்டேன்பா."

நான் மண்வெட்டியை எடுத்தேன்.