கரை சேராதவனுக்கு ஒரு துஆ

கதை வாசிக்கும்போது நான் கொஞ்சம் கொடுமைக்காரி. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு சாகச நாவல் வாசித்துக் காட்டி வந்தேன். முப்பத்தாறு பெண்பிள்ளைகள், ஒரேயொரு புத்தகம். மணியடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, எங்கே நிறுத்தினால் அவர்களுக்கு வயிறு எரியுமோ அங்கே பார்த்து நிறுத்திப் புத்தகத்தைப் பட்டென்று மூடுவேன். "டீச்சர்ர்ர்!" என்று வகுப்பே அலறும். அந்த அலறலைக் கேட்கத்தான் வாரம் முழுக்கப் பாடசாலைக்குப் போனேன்.

அதிபருக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு உம்மா வந்து, மகள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சுறாவைப் பற்றியே கதைக்கிறாள் என்று முறையிட்டிருந்தார். "தவணைப் பரீட்சைக்கு நாவலா டீச்சர் வரப்போகுது? இன்னொரு முறைப்பாடு வந்தா அந்தப் பாடவேளைய கணக்கு சேருக்குக் குடுத்துருவன். அவர் பாஸ்ட் பேப்பர் செய்யட்டும்" என்றார் அதிபர். கணக்கு சேர் பக்கத்தில் நின்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வகுப்பில் இரண்டு சட்டங்கள். யாரும் கடைசிப் பக்கத்தைப் பார்க்கக்கூடாது. எழுதியவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றிச் சொல்லக்கூடாது. பாடம் முடிந்ததும் வகுப்புத் தலைவி புத்தகத்தைக் கொண்டுபோய் ஆசிரியர் அறை அலுமாரியில் வைப்பாள். அவளுடைய வாப்பா கடல் தொழில் செய்கிறவர். கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை கதைக்கிற பிள்ளை, அதனால்தான் நம்பிக் கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை, கதையில் வருகிற இளைஞனின் போட் எஞ்சின் நின்று ஏழு நாள் ஆகியிருந்தது. எழுதியவர் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை, வெறும் இளைஞன்தான். குடிக்கத் தண்ணீர் முடிந்துவிட்டது. தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சம். சட்டையைக் கழற்றி வீசுகிறான். வெளிச்சம் கிட்ட வருகிறது, நிற்கிறது, திரும்புகிறது. பட்டென்று மூடினேன். அன்றைய அலறல் பக்கத்து ஊர் காரைதீவு வரை கேட்டிருக்கும்.

மறுநாள் ஜும்ஆ நேரம், மீன் ஆணம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌலவி துஆ ஓதினார். "யா அல்லாஹ், எஞ்சின் பழுதாகி, ஏழு நாளாகத் தண்ணீரின்றித் தத்தளிக்கும் எங்கள் இளைஞனைக் கரை சேர்ப்பாயாக! எங்கள் துஆவை ஏற்று, கபூலாக்குவாயாக!" அகப்பையும் கையுமாக நின்று நானும் மனமுருகி ஆமீன் சொன்னேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று கண்கூடக் கலங்கியது.

தொழுதுவிட்டு வந்த கணவர், "கப்பலொண்டு கிட்ட வந்து திரும்பிட்டாம் புள்ள. சட்டயக் கழட்டி வீசியிரிக்கான், அவங்க காணல்லயாம்" என்றார்.

நேற்று நான் வாசித்த அதே கப்பல், அதே சட்டை!

"நடுக்கடல்ல சட்டய வீசினது கரையில நிக்கிறவங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு ஒருத்தரும் கேக்கல்லயா?"

"துஆ ஓதக்குள்ள கேள்வி கேக்கலாமா?"

"ஆர்ர மகனாம்?"

"இஞ்ச சாய்ந்தமருதுல கேட்டா மருதமுனைப் பொடியன் எண்டுறாங்க. மருதமுனையில கேட்டா சாய்ந்தமருதுப் பொடியனாம். தேடிப் போக ரெண்டு போட் வெளிக்கிடுது."

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. போட்டெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். அந்த நாளில் வெளிக்கிடுகிறார்கள், அதுவும் வாடைக் காற்றுக்குள். போய்ச் சொன்னால் என் பாடவேளை கணக்கு சேருக்கு. வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடற்கரைக்குப் போனேன்.

போட்காரர்கள் வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டி, டீசல் கானோடு நின்றார்கள்.

"போகாதீங்க. அந்த ஆள் கடல்ல இல்ல."

"மௌத்தாகிட்டானா?"

"இல்ல. அவன் புத்தகத்துல இரிக்கான்."

போட் உரிமையாளர் தொலைபேசியை எடுத்து, ஊரெல்லாம் சுற்றிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் அழுதழுது கப்பலையும் சட்டையையும் சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும், என் வகுப்புத் தலைவியின் உம்மா! தலையைக் குனிந்துகொண்டு நாவல் விசயத்தைச் சொல்லி முடித்தேன். நல்ல ஏச்சு வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் டீசல் கானைக் கீழே வைத்தார்.

"அப்ப டீச்சர், ஆள்ர போட்ல தார்ப்பாய் இல்லயா? பாய் கட்டி ஓடியிரிக்கலாமே."

"இந்த வாடையில எஞ்சின் நிண்டா ரெண்டு நாள்ல அறுகம்பேக் கரைக்கு இழுத்துட்டுப் போகும்" என்றார் இன்னொருவர். "ஏழு நாள் என்னத்துக்கு நடுக்கடல்ல கிடக்கான்? எழுதினவன் கடலக் காணாத ஆள்."

அவ்வளவு வெட்கத்திலும் எழுதியவருக்காக எனக்குக் கோபம் வந்தது, பாருங்கள்.

திங்கட்கிழமை வகுப்புத் தலைவியைப் பிடித்தேன். "உம்மாட்ட என்னடி சொன்ன?" "நீங்க வாசிச்சதத்தான் டீச்சர்." அதற்குமேல் ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. அதற்குள் அதிபர் கூப்பிட்டனுப்பினார். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நடந்தது நடந்துட்டு டீச்சர்" என்றார் மரைக்கார். "ஆனா ஊரே ஆமீன் சொல்லிட்டு. ஆள் கரைக்கு வாறானா இல்லயா? சனம் கேக்குது."

"வரணும்" என்றார் அதிபர் என்னைப் பார்த்து. "வந்தா அந்தப் பாடவேளை உங்களுக்கு. வராட்டி பாஸ்ட் பேப்பர்தான்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவன் வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தை நான் படித்தவள். அதைச் சொன்னால் பாடவேளை போவது மட்டுமல்ல, மரைக்கார் அவனுக்கு, இறந்தவர்களுக்குத் தொழும் ஜனாஸாத் தொழுகையும் வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அதிபர் யன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 'வெறும் போட் மட்டும் கரையொதுங்கியது' என்று அச்சில் கிடந்தது. "போட் கரையொதுங்கியது. அவன் மெல்ல எழுந்து மணலில் காலை வைத்தான்" என்று வாசித்தேன். பிள்ளைகள் மேசையில் ஏறாத குறை. ஒருத்தி அழுதாள், ஒருத்தி அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தினாள். அதிபர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு வகுப்புத் தலைவி புத்தகத்துக்குக் கை நீட்டினாள். கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"நான் போன வியாழனே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டன் டீச்சர்" என்றாள். "அவன் வரல்ல. அதான் உம்மாட்டச் சொல்லி துஆக் கேக்கச் சொன்னன்."

என் கையிலிருந்த புத்தகத்தை அவளே மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"கபூலாகிட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அதை அலுமாரியில் வைக்கக் கொண்டு போனாள்.