மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை

எலக்ட்ரிக் ரிப்பேர்க்காரனை யாரும் நல்ல நாளில் நினைப்பதில்லை. நாகல் நகரில் சின்னதாகக் கடை வைத்து, சைக்கிளில் ஸ்பேனர் பையைத் தொங்கவிட்டு நான் அலைந்த காலத்தில், ரேடியோ, ஃபேன், பம்ப்செட் மோட்டார் எல்லாமே ஊருக்குப் புதிது. கெட்டுப்போனால் காரணம் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று இப்படி உயிரை வாங்கியிருக்கும். அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

குழாயில் செய்வினை

அண்ணன் தம்பி இருவர், ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். தம்பி வீட்டுக் குழாயைத் தொட்டால் கை சிலிர்க்கும். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. மூத்தவள் ஏதோ செய்து வைத்திருக்கிறாள் என்று தம்பி மனைவி தெருவில் நின்று சத்தம் போட, அண்ணன் மனைவி மண்ணை வாரித் தூற்ற, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

நடுச்சுவரைக் கொத்திப் பார்த்தேன். எலி கடித்த வயர் ஒன்று குழாயில் உரசிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டில் விளக்குப் போட்டால் தம்பி வீட்டுக் குழாயில் கரண்டு. இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறு மாதம் கடைப்பக்கம் வந்த தம்பியிடம் குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கரண்டு நின்னுபோச்சுண்ணே. பேச்சு நின்னது நின்னதுதான்."

குச்சியால் சுற்றும் ஃபேன்

பழனியில் ஒரு லாட்ஜ். ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் 'உம்'மென்று முனகும், சுற்றாது. குச்சியால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடும். கூப்பிட்ட அறைக்கெல்லாம் குச்சியோடு போய்த் தள்ளிவிட ராமசாமி என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல், ஒரு கால் கொஞ்சம் இழுக்கும்.

ஃபேனை முதலில் சுழற்றிவிடும் கண்டன்சர்தான் போயிருந்தது. எல்லா ஃபேனுக்கும் புதிதாகப் போட்டேன். ராமசாமிதான் ஒவ்வொரு அறையிலும் எனக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். தைப்பூசம் கழிந்து அந்தப் பக்கம் போனபோது அவர் லாட்ஜில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்ன இங்கே என்று கேட்டேன். கோபமில்லாமல் சிரித்தார்.

"காத்தாடியெல்லாம் தானா ஓடுதுங்க. அப்புறம் நான் எதுக்குன்னு மொதலாளி கேட்டுப்போட்டாருங்க."

நிறைந்த கிணறு

சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் கமலை இறைத்த மாடுகளை விற்றுவிட்டுக் கரண்டு மோட்டார் வைத்தார். நன்றாக இறைத்தது. திடீரென்று ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள், வால்வை மாற்றினார்கள், கிடாய் வெட்டிப் பொங்கலும் வைத்தார்கள். கடைசியில்தான் எனக்கு ஆள் வந்தது.

மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்குக் கூரை மாற்றியபோது யாரோ வயர்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வயரை மாற்றி முடுக்கினேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் குதித்துக்கொண்டு வந்தது. சந்தோஷப்படுவார் என்று திரும்பினேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. தாள் கருகி மண்ணோடு படுத்துவிட்ட வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டுத்தானா அப்பு? இதுக்கா இம்புட்டையும் காய விட்டேன்?"

செய்தி நேரத்து ரேடியோ

சீனச் சண்டை நடந்த சமயம். ஒரு குமாஸ்தா வீட்டு ரேடியோ பகலெல்லாம் பாடும். சாயங்காலம் செய்தி நேரத்தில் மட்டும் வெறும் இரைச்சல். அவருடைய மகன் பட்டாளத்தில், வடக்கே இருந்தான். இரண்டு தடவை பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் தடவை செய்தி நேரத்துக்கே போனேன். மனிதர் பெட்டியோடு காதை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் மொட்டை மாடிக்கு ஏறி ஏரியல் கம்பியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை, யாரோ கையால் பிரித்து விட்டிருந்தார்கள். உலர்ந்த துணியைக் கையில் வாரிக்கொண்டு பையனின் அம்மா அங்கேயே நின்றிருந்தார். "அவன் பேர வாசிச்சிருவாகளோன்னு பயமா இருக்கு தம்பி. பாட்டு மட்டும் வர்ற மாதிரி செஞ்சு தர முடியுமா?" என்றார். கீழேயிருந்து குமாஸ்தா, "என்ன தம்பி, தெரிஞ்சுதா?" என்று குரல் கொடுத்தார். அவர் பாவமா, இவர் பாவமா என்று எனக்கு விளங்கவில்லை. கம்பியை முறுக்கி இணைத்தேன். துருப்பிடித்திருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

ரேடியோவில் எந்தப் பேரும் வரவில்லை. தந்திதான் வந்தது. துக்கம் கேட்கப் போனவன் வாசலோரம் நின்றேன். ரேடியோவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்த அம்மாதான் எழுந்து வந்தார்.

"நீங்க அந்தக் கம்பிய அப்படியே விட்டிருந்தாலும் தந்தி வந்துதான் இருக்கும் தம்பி. மனசுல வச்சுக்காதீக."

இத்தனை வருஷத்தில் என் கைக்குச் சரியாகாத சாமான் சொற்பம்தான். சரியான பிறகு சந்தோஷப்பட்ட வீடுகளும் சொற்பம்தான்.