வெள்ளைத் துணிக்கு ஒரு மீன்வண்டி

1981 பிப்ரவரி 12, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கஞ்சிக்கு உலை வைத்துவிட்டு, முந்தின நாள் வந்த மூட்டைகளை அவிழ்த்துக் குறி பார்த்துத் துணிகளைப் பிரித்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் சுவரோரம், லாட்ஜ் தலையணை உறைகள் கதவோரம், வீட்டுத் துணிகள் கடைசியில். வியாழன் என்றால் விரிப்புகள்தான் அதிகம். விடிந்ததும் என் கொழுந்தன் முதல் மூட்டையைத் துறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து துறை பத்து நிமிட நடை. நாங்களும் எங்களைப் போலத் தமிழ் பேசும் சலவைக்காரக் குடும்பங்களும் அங்கே ஆளுக்கொரு கல் வைத்துத் துவைத்தோம். அன்று நான் துறைக்குப் போகவில்லை. என் கணவர், கொழுந்தன், நான் மூன்று பேரும் பழைய பிக்கப் வண்டி ஒன்று பார்க்கக் கிளம்பினோம்.

அதுவரை எங்கள் வண்டி என்பது ஒரு சைக்கிளும் என் கணவரின் முதுகும்தான். டிசம்பரில் படகுத்துறைப் படியில் மூட்டையோடு வழுக்கி விழுந்தார். இடுப்புக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னார். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். துறையில் சுளுக்கு என்று சொல்லிவைத்தார்.

வலியைவிட அவருக்கு வேறொன்று பயம். மூட்டை எடுக்கவும் கொடுக்கவும் சுற்றுக்குப் போவது இருபது வருடமாக அவர் வேலை. ஆஸ்பத்திரி நர்ஸிலிருந்து லாட்ஜ் மேனேஜர்வரை எல்லாரையும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மாற்றல் என்று சாயங்காலம் வந்து சொல்வார். இனி வீட்டிலிருந்து இஸ்திரி போடு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தார். வண்டி வந்தால் சுற்றை விடவேண்டாம். ஆனால் தப்பான வண்டி வந்தால் ஒரே மாதத்தில் படுத்துவிடுவார். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது கொழுந்தன் பாடு. ஒரு மாவு மில்லின் வண்டியை இரண்டு வருடம் ஓட்டியவன்.

படகில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் களமசேரி போனோம். வண்டிக்காரர் மீசைக்குக் கறுப்பு அடித்த பெரிய ஆள். ஜீப் மாதிரி முகமுள்ள உயரமான பிக்கப். பெயின்ட் புதுசு. கொழுந்தன் பானெட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டான். சத்தம் சீராக இருந்தது.

"சேச்சி, இது வண்டியல்ல, ஆனயாணு, ஆன!" என்று வண்டிக்காரர் என்னிடம் சொன்னார். யானையாம்.

என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மலைச் சுரம் ஏறிப் போகுமாடா இது?" என்று தம்பியைக் கேட்டார்.

"சுரம் எங்கண்ணே இருக்கு நமக்கு? ஏத்தம்னா தோப்பும்படிப் பாலம் ஒண்ணுதான்."

நான் வண்டியின் பின்பக்கம் போய் நின்றேன். தட்டு என் நெஞ்சுக்கு வந்தது. அவர் என்னைவிட நாலு விரல்தான் உயரம். நனைந்த விரிப்பு மூட்டை எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை நெஞ்சளவுக்குத் தூக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது வண்டியின் அழகெல்லாம் போய்விட்டது.

வண்டிக்காரர் சும்மா இருக்காமல், "ஏறி நோக்கிக்கோ சேட்டா" என்றார். என் கணவர் பின்தட்டில் கைவைத்தார். ஒரு காலைத் தூக்கி டயர்மேல் வைத்தார். அப்படியே நின்றுவிட்டு, ஏதோ டயரைப் பார்க்கத்தான் காலை வைத்தவர் மாதிரி குனிந்து பார்த்தார். பிறகு காலை மெதுவாக இறக்கினார். மேலுதட்டில் வேர்வை நின்றது.

"டயர் நல்லா இருக்கு. நமக்கு இது மதி, போதும்," என்றார்.

வெளி ஆள் முன்னால் அவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தோப்பும்படியில் இன்னொரு வண்டியைப் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம், அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இருவரையும் கிளப்பிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அவர் என்னோடு பேசவில்லை. கொழுந்தன்தான் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டு வந்தான்.

தோப்பும்படி வண்டி ஒரு ஒர்க்‌ஷாப் முற்றத்தில் நின்றது. சின்னச் சக்கரம், தாழ்வான தட்டு, பெயின்ட் பாதி உரிந்திருந்தது. கேட்டில் நுழையும்போதே நாற்றம் வந்துவிட்டது. வைப்பின் தீவுக்காரர் ஒருவருடைய வண்டி, நாலு வருடம் மீனும் இறாலும் ஏற்றியது. மீன்பிடி வள்ளம் வாங்கப் போவதால் விற்கிறாராம்.

"மீனு மணமோ? எவிட?" என்று வைப்பின்காரர் காற்றை மோந்து பார்த்தார். "எனிக்கு ஒண்ணும் அறியில்ல சேச்சி. ஞான் ஜனிச்சதே மீனுக்குள்ளிலாணு."

"வெள்ளத்துணிக்காரனுக்கு மீன்வண்டியா? துறையில சிரிப்பாங்க. வாடா போவோம்," என்று தம்பியிடம் சொன்னார் என் கணவர். ஆனால் கொழுந்தன் அதற்குள் வண்டிக்கடியில் படுத்துவிட்டான். அவன் வரும்வரை காத்திருக்க வேண்டுமே என்று இவர் பின்தட்டில் உட்கார்ந்தார். தட்டு தொடையளவுதான். பாதம் இரண்டும் தரையில் இருந்தன. கொழுந்தன் என்ஜினைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, வைப்பின்காரரோடு சாயாவும் குடித்து முடிக்கும்வரை அவர் இடுப்பில் கை வைக்கவே இல்லை. வீட்டு நாற்காலியில்கூட அவ்வளவு நேரம் அவர் கை வைக்காமல் உட்கார்ந்து நான் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை.

"மதினி, என்ஜின் மோசமில்ல. அந்த ஆன அளவுக்கு இல்ல, ஆனா ஓடும்," என்று கொழுந்தன் கை துடைத்தான். "நாத்தம்தான்."

"நாத்தம் போகும்," என்றேன்.

"எப்படிப் போகும்?" என்று என் கணவர் கேட்டார். அன்று களமசேரிக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நாம என்ன தொழில் பாக்குறோம்?"

ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டேன். வைப்பின்காரர் நல்ல மனுஷர். "வெச்சோ. காலத்து எட்டு மணிக்கு ஞான் வரும். ஒண்ணுகில் காசு, இல்லெங்கில் வண்டி," என்று மறுநாள் காலைவரை வண்டியை எங்களிடம் விட்டார். இரண்டு வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் விலைப் பேச்சு அதோடு முடிந்தது.

நாலு மணிக்கு வண்டி துறைக்குள் வந்தபோது துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கல்லை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த கல்லுக்காரி, வாயாடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மதினி, வண்டியையும் வெளுக்கப் போட்டிருக்காங்களா? எந்த லாட்ஜு?" என்றாள்.

"ஆமா. நாளைக்குக் காலைல டெலிவரி," என்றேன்.

தட்டின்மேல் அடித்திருந்த பலகைகளில்தான் நாற்றம் ஊறியிருந்தது. கொழுந்தன் ஆணிகளைப் பிடுங்கிப் பலகைகளைக் கழற்றித் தூரப் போட்டான். கீழே இரும்புத் தகடு. இடுக்கெல்லாம் உப்பும் செதிலும். அழுக்குத் துணியை ஊறவைப்பது போலச் சோடாக்காரம் கரைத்த கொதிநீரை ஊற்றி அரை மணி விட்டோம். துடைப்பத்தால் தேய்த்தோம். பிளீச்சிங் பவுடர் போட்டோம். மறுபடி சோடா. பிறகு புளியைக் கரைத்து ஊற்றினேன். வாயாடி சும்மா பார்க்க முடியாமல் தன் வாளியோடு வந்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "இதுக்குக் கஞ்சி போடணுமா, நீலம் மட்டும் மதியா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தாள். என் கணவர் குனிய முடியாமல் ஓரத்தில் நின்று, விட்டுப்போன மூலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வெயில் இறங்கும்போது தகடு காய்ந்திருந்தது. எனக்கு நாற்றம் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் அதோடு கிடந்த மூக்கை நம்ப முடியாது. வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, நாங்கள் படுத்துப் பழசான எங்கள் வீட்டு விரிப்பு ஒன்றை நனைத்துப் பிழிந்து தகட்டின்மேல் பரப்பி, தார்ப்பாயால் மூடினேன். ஈரத்துணி எந்த நாற்றத்தையும் விடாது, இழுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்புப் பக்கம் போகாமல் நேரே வாசலுக்குப் போனேன். என் கணவர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். தார்ப்பாய் விலகியிருந்தது. விரிப்பு அவர் தோளில் கிடந்தது. ஒரு ஓரத்தில் தகட்டின் துரு கோடாகப் பிடித்திருந்தது. தார்ப்பாய் விரித்து அதன்மேல் மூட்டையை வைத்தால் தீர்ந்தது. விரிப்பை வாங்கி முகத்தில் வைத்து மோந்தேன். ஈரத்துணி வாசம்தான் வந்தது.

வாயாடி குடத்தோடு பைப்புக்குப் போகிற வழியில் நின்றாள். "ஏண்ணே, களமசேரில ஆன மாதிரி வண்டி இருந்துச்சாமே. அத விட்டுட்டா இத எடுக்குறீங்க?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "அது ஒசரம்மா. என் முதுகு போச்சு. டாக்டர் இடுப்புக்கு மேல தூக்கக் கூடாதுன்னுட்டார். இதுன்னா நானே சுற்றுக்குப் போவேன்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சிரிக்கவில்லை. "டிசம்பர்லயே எனக்குத் தெரியும்ணே," என்றாள். "சுளுக்கு ரெண்டு மாசமா இருக்கும்?" குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தார்ப்பாயை இழுத்துத் தட்டில் விரித்தார். பிறகு உள்ளே திரும்பி, "அந்த ஆஸ்பத்திரி மூட்டைய ஒரு பக்கம் பிடி," என்றார். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தட்டில் வைத்துத் தள்ளினோம். வைப்பின்காரர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.